ஒற்றைக்கல் மோதிரமும் காலர் பிரஷ்ஷும்

“முதலாளி, அது மோதிரம். சட்டைக் காலர் இல்ல,” என்றார் இஸ்திரிக்காரர்.

லாண்டரிக்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சமையலறைத் தொட்டியின் மேல் குனிந்து, கடையில் காலர் அழுக்கு எடுக்கிற முரட்டு பிரஷ்ஷில் பற்பசையைப் பிதுக்கி, ஒற்றைக்கல் வைர மோதிரத்தைத் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தார். அன்று கடைக்கு விடுமுறை. சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்த இஸ்திரிக்காரர் வாசலோடு திரும்பியிருக்கலாம். “ஒரு நிமிஷம் உள்ள வா” என்ற பேச்சை நம்பி, பாவம், மாட்டிக்கொண்டார்.

“கறையில என்னய்யா மோதிரக் கறை, சட்டைக் கறை? இந்தக் கை எடுக்காத கறை உண்டா?”

“இல்லதான். ஆனா நீங்கதானே எங்களுக்குச் சொல்லுவீங்க, எதுவா இருந்தாலும் முதல்ல வெளிச்சத்துல வெச்சு நல்லாப் பாரு, அப்புறம் கை வைன்னு?”

“அது உங்களுக்குச் சொன்னது.”

சொல்லிவிட்டாரே தவிர, லாண்டரிக்காரருக்கு மனசு சும்மா இருக்கவில்லை. அழுக்கைவிட அதிகமாக அவரை அரித்துக்கொண்டிருந்தது வேறொன்று.

போன வாரம் மனைவியின் அக்கா வீட்டில் விருந்து. மனைவி தட்டில் பரிமாறிக்கொண்டு வந்தாள். கூட்டத்தைக் கண்டால் லாண்டரிக்காரரின் நாக்குக்கு வாலும் முளைக்கும், கொம்பும் முளைக்கும். மங்கிப்போன மோதிரத்தைக் காட்டி, “அதென்னம்மா விரல்ல? உடைஞ்ச சோடா பாட்டில் துண்டா?” என்று கேட்டுவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மனைவி மட்டும் கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

கடை ஆரம்பித்து, கையில் முதன்முதலாக நாலு காசு தங்கியபோது அவரே வாங்கிப் போட்ட மோதிரம் அது. அன்றைக்கு அந்த விரலைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னவர், இன்றைக்கு ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு சோடா பாட்டில் என்றார். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உறைத்தது. உறைத்து என்ன செய்ய? மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. வாடிக்கையாளர் சட்டையில் ஓட்டை விழுந்தால்கூட, “துணி நைஞ்ச துணி சார்” என்றுதான் வாய் சொல்லும். வாரம் முழுக்க அவளும் அதிகம் பேசவில்லை. இவரும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

இன்று காலையில் அவள், “அக்கா குளியலறையில வழுக்கிக் காலைச் சுளுக்கிக்கிட்டாளாம். போயிட்டு சாயங்காலம் வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போனாள். பேப்பருக்குள்ளிருந்து “ம்” என்றார். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. தொட்டியோரம் ஒரு கிண்ணம். அதில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர். பக்கத்தில் குழந்தைகள் பல் தேய்க்கும் மிருதுவான பிரஷ் ஒன்று. தண்ணீருக்குள், ஒளியே இல்லாமல், மோதிரம்.

“புரியுதா உனக்கு? நான் சொன்ன ஒரு சொல்லுக்காகப் பாவம் உக்காந்து தேய்ச்சுப் பார்த்திருக்கா. பளபளக்கல. மனசு விட்டுப்போய்க் கழட்டிப் போட்டுட்டுப் போயிட்டா. அக்காவுக்குச் சுளுக்காம் சுளுக்கு!”

“நிஜமாவே சுளுக்கா இருக்கலாமே முதலாளி.”

“போட்ட நாள்லேருந்து கழட்டாத மோதிரத்தைக் கழட்டி வெச்சிருக்காய்யா! சோப்புத் தண்ணியில வைரம் சுத்தமாகுமா? அதுக்கெல்லாம் தொழில் தெரிஞ்சவன் கை வேணும்.”

அந்தச் சோப்புத் தண்ணீரைக் கொட்டியதுதான் அவர் அன்று செய்த முதல் காரியம். மற்றதெல்லாம் அதன் பிறகு வந்தது.

பற்பசையைக் கழுவிவிட்டு இருவரும் மோதிரத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். கல் கொஞ்சம் தெளிந்திருந்தது. ஆனால் தங்கத்தில், பூனை பிறாண்டினாற்போல் சுற்றிலும் கீறல்.

“இது முன்னாடியே இருந்ததா?” என்றார் லாண்டரிக்காரர் மெதுவாக.

“முன்னாடி யாரு பார்த்தா?”

“கீறலுக்குள்ள அழுக்குதான் அப்படித் தெரியுது. கொஞ்சம் ப்ளீச் விட்டா வெளுத்துடும்.”

“முதலாளி, வேண்டாம்...”

“வெள்ளை வேட்டி வெளுக்குதுல்ல?”

“வேட்டி தங்கத்துல செய்யறதில்லையே.”

ப்ளீச் ஊற்றிய கிண்ணத்தில் மோதிரம் இறங்கியது. அந்த நேரம் பார்த்து மனைவியிடமிருந்து போன். லாண்டரிக்காரர் கிண்ணத்தின் மேல் ஒரு தட்டைப் போட்டு மூடிவிட்டுத்தான் போனை எடுத்தார். போனுக்குக் கண் உண்டு என்று நினைத்தாரோ என்னவோ.

“என்னங்க, சாப்பாடு அடுப்பு மேல மூடி வெச்சிருக்கேன். அப்புறம் கிண்ணத்துல ஒரு மோதிரம் ஊற வெச்சுட்டு வந்தேன், அது வந்து...”

“ஒண்ணும் சொல்லாதம்மா. எல்லாம் எனக்குப் புரியுது. நான் பார்த்துக்கறேன்.”

“இல்லைங்க, அது...”

“நான் பார்த்துக்கறேன்னு சொல்றேன்ல!” போனை வைத்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. “குரலைக் கேட்டியா? தழுதழுத்துச்சு.”

“பின்னாடி குக்கர் கத்தின சத்தம்தான் எனக்குக் கேட்டுச்சு.”

தட்டை எடுத்துப் பார்த்தபோது மோதிரம் கறுத்திருந்தது. தங்கம் என்று சொன்னால் தங்கமே நம்பாது. பழைய செப்புக் கம்பியை வளைத்து வைத்தாற்போல் கிடந்தது. லாண்டரிக்காரர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்!” அது நடிப்பில்லை. “கண்ணாடித் துண்டுன்னு வாயால சொன்னேன். இப்போ கையாலேயே ஆக்கிட்டேன். சாயங்காலம் வந்து இதைப் பார்த்தா, அவ மறுபடியும் அக்கா வீட்டுக்குத்தான் போவா. அப்போ சுளுக்குன்னு சாக்குகூடச் சொல்ல மாட்டா.”

“இப்பவாவது விட்டுருங்க. நகைக்கடையில குடுத்தாச் சரி பண்ணுவாங்க.”

“இன்னிக்கு எல்லாக் கடையும் லீவு. வெந்நீர்ல கொதிக்கவிட்டா கறுப்பு விட்டுடும்.”

கொதிக்கவிட்டார். கறுப்பு விடவில்லை. கொதித்ததைக் கரண்டியால் எடுத்து, சுடுகிறதே என்று குழாயைத் திறந்து பச்சைத் தண்ணீரில் காட்டினார். ‘டிங்’ என்று ஒரு சத்தம். கரண்டியில் மோதிரம் இருந்தது. மோதிரத்தில் கல் இல்லை. அது தொட்டியில் ஒரு வட்டமடித்து, இவர்கள் இருவரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓட்டைக்குள் இறங்கிப்போனது.

“குழாயை மூடுங்க! மூடுங்க!”

அதற்கப்புறம் நடந்ததை விவரித்தால் லாண்டரிக்காரருக்கு மரியாதை இல்லை. தொட்டிக்கு அடியில் படுத்து, வளைந்த குழாயை அவரே கழற்றினார். அடியில் வாளி வைக்கவேண்டும் என்பது கழற்றிய பிறகுதான் ஞாபகம் வந்தது. பல மாதத்து எச்சில் தண்ணீர் அவர் தலையிலிருந்து இடுப்புவரை அபிஷேகமாயிற்று. இஸ்திரிக்காரர் கையில் கிடைத்த வெள்ளைத் துணியைப் போட்டுத் தரையைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகு விரித்துப் பார்த்தால், அது வாடிக்கையாளர் ஒருவரின் கல்யாணக் கோட்டு. அந்த வழுவழுப்பில், ஒரு பொத்தானுக்கும் பாதிக் கரண்டிக்கும் நடுவே, கல் கிடைத்தது.

“கிடைச்சுடுச்சுய்யா!” ஈரத் தலையோடு லாண்டரிக்காரர் குதித்தார். வெளிச்சத்தில் கல் உண்மையிலேயே ஜொலித்தது. இவ்வளவு ஜொலிக்கிற கல்லையா சோடா பாட்டில் என்றோம் என்று நினைத்ததும், அவருடைய குதிப்பு அப்படியே அடங்கிப்போனது.

கல்லை மோதிரத்தில் வைத்து, பொத்தான் ஒட்டுகிற பசையை ஒரு சொட்டு விட்டு, காயும்வரை இரண்டு பேரும் மூச்சுவிடாமல் காத்திருந்தார்கள். காய்ந்தது. இஸ்திரிக்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

“முதலாளி, வைரம்னா தட்டையான பக்கம் மேலே இருக்கும்ல?”

“ஆமா.”

“இதுல கூர்ப் பக்கம் மேலே இருக்கு.”

நெம்பிப் பார்த்தார்கள். கடையில் அந்தப் பசையைப் பற்றி வாடிக்கையாளர்களிடம் அவர் அடித்த பெருமையெல்லாம் உண்மைதான் என்று தெரிந்தது. கல் அசையவில்லை.

லாண்டரிக்காரர் அந்தக் கறுத்த, கீறிய, தலைகீழ் மோதிரத்தைக் கைக்குட்டையில் சுற்றி வைத்தார். பிறகு எழுந்து குளித்து, சட்டை மாற்றிக்கொண்டார்.

“கிளம்பு. அங்கேயே போய்ச் சொல்லிடலாம். அவ வந்து தானாப் பார்க்கறதுக்கு முன்னாடி, நானே சொல்லிடறேன்.”

“என்ன சொல்லப் போறீங்க?”

“தப்பு நடந்துடுச்சுன்னு.”

“அது யாரோ பண்ணின மாதிரி இருக்கு, முதலாளி.”

“நம்ம மேல தப்பு.”

“நம்ம இல்ல. நான் வேண்டாம் வேண்டாம்னு கத்திக்கிட்டிருந்தேன்.”

வண்டியில் போகும்போதெல்லாம் இதே ஒத்திகை. அக்கா வீட்டு வாசலில் இறங்கியபோதுதான் “தப்பு என் மேல” என்ற மூன்று சொல்லும் ஒருவழியாகச் சேர்ந்து வந்தன. இஸ்திரிக்காரர் வண்டியைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றுவிட்டார்.

கதவைத் திறந்தவள் மனைவிதான். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது, கையைத் துண்டில் சுற்றித் துடைத்தபடி வந்தாள். இவரைப் பார்த்ததும் திகைத்தாள்.

“என்னங்க, நீங்க இங்க? ஏன் முகமெல்லாம் இப்படி இருக்கு?”

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு மோதிரத்தை நீட்டினார். அவள் ஒரு கையால் வாங்கிப் பார்த்தாள். மூச்சை உள்ளே இழுத்தாள்.

“ஐயய்யோ, இது...”

“குறுக்கே பேசாதம்மா. பேசினா நான் மறுபடியும் இதைச் சொல்லவே மாட்டேன். தப்பு என் மேல.”

மனைவியின் வாய் திறந்தபடியே நின்றது. இத்தனை வருஷத்தில் கேட்காத வாக்கியம் அது.

“அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சிரிக்க வைக்கணும்னு சொன்னேன். உன்னை அழ வெச்சுட்டேன். கழட்டிப் போட்டுட்டு வந்துட்டியேன்னு, அதைப் பளபளப்பாக்கி உன் கையில போடணும்னு நினைச்சேன். போட்டது பற்பசை, ப்ளீச், வெந்நீர்... எல்லாம் நாசமாப் போச்சு.”

“என்னங்க, நான் சொல்றதைக் கொஞ்சம்...”

“முழுசாச் சொல்லிடறேன். இந்த ஒரு வாரமா நீ கையை மறைச்சு மறைச்சு வெச்சுக்கிட்டதை நான் கவனிக்கலன்னு நினைக்காதே. எல்லாத்தையும் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்குச் சோறு இறங்கல. நீ பேசாம இருந்தது ஒவ்வொரு நாளும் நெஞ்சுல குத்திச்சு. நாளைக்கே நல்ல ஆசாரிகிட்ட குடுத்துச் சரி பண்றேன். என்னை மன்னிச்சுடு. வீட்டுக்கு வந்துடு.”

சொல்லி முடித்தபோது லாண்டரிக்காரரின் கண்ணிலிருந்து நிஜமாகவே நீர் வழிந்தது. மனைவியின் தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியமில்லை. துண்டு கீழே விழுந்தது. அவள் கை வந்து அவருடைய தோளில் உட்கார்ந்தது.

“இன்னொரு தடவை சொல்லுங்க,” என்றாள்.

“எதை?”

“அந்த முதல் வாக்கியத்தை.”

“தப்பு என் மேல,” என்றார் அவர். இந்தத் தடவை அது சுலபமாகவே வந்தது.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. காலில் கட்டோடு, சுவரைப் பிடித்து நொண்டிக்கொண்டே அக்கா வந்து எட்டிப் பார்த்தாள்.

“வாங்க தம்பி, என் மோதிரத்தைக் கொண்டுவந்துட்டீங்களா? நீங்க அன்னிக்குக் கேலி பண்ணின மறுநாளே இவ தன் மோதிரத்தைச் சோப்புத் தண்ணியில கழுவி, நீங்க பார்க்கணும்னு வாரம் முழுக்க உங்க மூக்குக்கு முன்னாடியே ஜொலிக்க ஜொலிக்கப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சாளே, அதைப் பார்த்துட்டுத்தானே என்னுதையும் கழுவித் தரச் சொல்லிக் குடுத்தேன்!”