ரோதமுனி கேட்ட ஆறாவது போத்தல்

தெமோதரை, மேல்பிரிவு
ஆகஸ்ட் 16

அன்பு மருமகன் தினுஷனுக்கு,

உன் தாய்மாமன் வடிவேல் எழுதுவது. நானும் உன் அத்தை ராமலட்சுமியும் மகள் மேனுஷாவும் சுகம், நீயும் ஜெர்மனிக் குளிரில் சுகமாயிருக்க ரோதமுனியை வேண்டுகிறோம் என்று தொடங்குவதுதான் முறை. முறை முடிந்தது. இனி உண்மையை எழுதுகிறேன். இங்கே ஒருவரும் சுகமில்லை. அதற்குக் காரணம் நீ அனுப்பிய பீர்ப் பெட்டி.

இரண்டரை வருசத்துக்கு முன் நீ பீர் காய்ச்சும் படிப்புக்குப் போகிறேன் என்றபோதே நான் தலையில் கைவைத்தேன். என் அக்காவுக்கு, அதாவது உன் அம்மாவுக்கு, மேனுஷாவை உனக்கு எடுக்க ஆசை என்று தெரிந்தும், "சாராயம் காய்ச்சுறவனுக்குப் பொண்ணு குடுக்கவா நான் முப்பத்தொரு வருசம் தேயிலை ஃபெக்டரியில டீமேக்கரா இருந்தேன்?" என்று கேட்டு அந்தப் பேச்சுக்கு அன்றே முற்றுப்புள்ளி வைத்தவன் நான். சரி, அது பழைய கதை. ஆனால் போகும்போது, படிப்பு முடிந்து சொந்தக் கையால் முதன்முதல் காய்ச்சுவதை ஃபெக்டரிச் சக்கரத்தைக் காக்கிற நம் ரோதமுனிக்குப் படைப்பேன் என்று நீ நேர்ந்துகொண்டாயே, அதை நீ மறந்திருப்பாய் என்றுதான் நான் நம்பியிருந்தேன். நல்லதை எல்லாம் மறக்கிற உங்கள் வயசு இதை மட்டும் மறக்கவில்லை. போன மாதம் உன் கூட்டாளி பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கினான். மலையேற அவனால் முடியவில்லை. பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பெரியாயிதான் தலையில் தூக்கிவந்து எங்கள் வாசலில் இறக்கினாள். நான் அப்போது பதுளைக்குப் போயிருந்தேன். பெட்டியை மேனுஷா வாங்கி வைத்தாள்.

இதே நேரம் பார்த்து மேனுஷாவுக்குப் பண்டாரவளையில் ஒரு இடம் பொருந்திவந்தது. ஹார்ட்வெயார் கடை, ஒரே மகன், வெற்றிலை கூடப் போடாத குடும்பம். ஆவணியில் முகூர்த்தம் பார்த்தாயிற்று. ஆனால் ஃபெக்டரியில் வேலை செய்த குடும்பத்தில் முனி வாக்குச் சொல்லாமல் கல்யாணக் காட் அடிக்கிற வழக்கம் இல்லை என்பது உனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டாரையும் வைத்துக்கொண்டே வாக்குக் கேட்கலாம் என்றேன். "மச்சானோட படையலையும் அன்னைக்கே வச்சிருங்கப்பா, ஒரே அலைச்சல்ல முடிஞ்சிரும்" என்றாள் மேனுஷா. பிள்ளைக்கு எவ்வளவு பொறுப்பு என்று நான் பூரித்துப்போனேன். என் புத்தியை எதால் அடிப்பது என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி. முனி பெரியாயிமேல்தான் இறங்கும். மற்ற நாட்களில் அவள் வெறும் தேத்தண்ணியைத் தவிர எதையும் தொடமாட்டாள், இருமல் பாணிக்கே முகம் சுளிப்பாள். முனி இறங்கிவிட்டால் அரைப் போத்தல் சாராயம் போகும் இடம் தெரியாது. அன்று சாராயத்துக்குப் பதில் வாழையிலையில் உன் போத்தல்கள் ஐந்து. ஒவ்வொன்றின் கழுத்திலும் நீ எழுதிக் கட்டிய சீட்டு. அதை முனிக்கு வாசித்துச் சொல்ல மேனுஷாவை நிறுத்தினேன். அவள் சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் ஒப்பித்தாள். கெட்டிக்காரப் பிள்ளை, ஒரு தடவை வாசித்தால் போதும் என்று மாப்பிள்ளையின் தகப்பனிடம் நானே பெருமையாகச் சொன்னேன்.

முதலாவது பில்ஸ்னர். பொன் நிறம், குளிரில் வாரக்கணக்காகப் புளிக்கவைத்தது, கடைசியில் லேசான கசப்பு. முனி ஒரே மிடறில் முடித்துவிட்டு, "நல்ல தண்ணி. தாகம் தீந்துச்சு. இப்ப படையலக் கொண்டா" என்றது. இரண்டாவது கோதுமைப் பீர். எண்ணூறு வளைவுள்ள பாதையில் பஸ்ஸில் குலுங்கிவந்த போத்தலைப் பகல் வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தால் என்ன ஆகும் என்று நீ சீட்டில் எழுதவில்லை. நான் மூடியைத் திறந்ததும் அது பொங்கியது. பாலை விட வெள்ளையாய், நிற்காமல் பொங்கியது. பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் பரவசமாகிக் குலவை போட்டார்கள். யாரோ "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினார்கள். கிழக்கே பொங்கினால் சுபம். இது மேற்கே பொங்கியது. மேற்கே மாப்பிள்ளையின் தகப்பனார் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். வெற்றிலை போடாத மனிதர் தலை முதல் கால் வரை பீரில் நனைந்து, நாக்கால் மீசையைத் துடைக்கவும் முடியாமல், துடைக்காமல் இருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்கிறேன். அதோடு விட்டதா? மிச்சத்தைக் குடித்த முனி, "வாழப்பழம் மணக்குதே, பழம் எங்கடா?" என்று ஆடத்தொடங்கியது. "பழம் போடலைங்க சாமி. ஈஸ்ட்டு குடுக்கிற மணம், கூட கராம்பு வாசமும் வரும்" என்று மேனுஷா விளக்கினாள். முனி கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த தாம்பூலத் தட்டிலிருந்து ஒரு சீப்பை அப்படியே எடுத்துக்கொண்டது.

மூன்றாவது, முன்காலத்தில் இந்தியாவுக்குக் கப்பலேற்றக் கசப்பைக் கூட்டிக் காய்ச்சினார்கள் என்று நீ எழுதியிருந்த அந்தப் பீர். தோடம்பழத் தோலைக் கடித்த மணம், பிறகு வேப்பங்கொழுந்தைக் கடித்த கசப்பு. முனிக்கு உடம்பெல்லாம் உதறியது. நாலாவது செர்ரிப் பழம் போட்டுப் புளிக்கவைத்த பெல்ஜியம்காரன் பீர். என்னால் சும்மா இருக்க முடியவில்லை, நானும் ஒரு சொட்டு நாக்கில் வைத்து உறிஞ்சித் துப்பிப் பார்த்தேன். கொழுந்தை ராத்திரி முழுக்கப் புளிக்கவிட்ட மாதிரி இருந்தது. இப்படி ஒரு டீயை நான் போட்டிருந்தால் துரை என்னை அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். அதை வேண்டுமென்றே செய்து காசுக்கும் விற்கிறார்களா?

ஐந்தாவது கறுப்பு. ஸ்டவுட். பார்லியைக் கருகும் பதத்துக்கு வறுத்துக் காய்ச்சியது, கோப்பி மணமும் சொக்லட் மணமும் வருமாம். முனி வாயில் வைத்தது. ஆட்டம் நின்றது. உடுக்கை அடித்தவனும் நிறுத்திவிட்டான். முனி கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, திருநீற்றை எடுக்கும், வாக்குச் சொல்லும் என்று நாங்கள் கைகூப்பி நிற்கையில், "இதக் காய்ச்சுனவன் யாரு? அவன வரச்சொல்லு" என்றது. "அவரு வெளிநாட்டுல இருக்காருங்க சாமி. கல்யாண வாக்கு..." என்று நான் இழுத்தேன். "ஆறு வந்துச்சு. அஞ்சுதான் இருக்கு. ஆறாவது எங்க? போத்தலும் வரணும், காய்ச்சுனவனும் வரணும். ரெண்டும் வந்தாத்தான் வாக்கு" என்று சொல்லிவிட்டு மலையேறிவிட்டது.

ஐந்துதான் வந்தது என்று நான் எரிகிற கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தேன். உள்ளங்கை கொப்பளித்ததுதான் மிச்சம். போன வெள்ளியும் கெஞ்சிப் பார்த்தோம். சாராயம் வைத்தேன், முனி காலால் தள்ளியது. பதுளையிலிருந்து கறுப்புப் பீர் வாங்கிவந்து வைத்தேன், மோந்து பார்த்துவிட்டு, "இது அவன் கை இல்ல" என்றது. முப்பத்தொரு வருசத்தில் என் டீயை மோந்து இது வடிவேல் கை என்று ஒருத்தரும் சொன்னதில்லை. வாக்கு இல்லாமல் காட் அடிக்க முடியாது. காட் இல்லாமலே ஆவணி வாசலுக்கு வந்துவிட்டது. வேட்டி நனைந்தவர் நேற்று டெலிபோன் எடுத்து, "உங்க சாமிக்கு எங்களப் புடிக்கலையோ?" என்று கேட்டார். மேனுஷா இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கல்யாணம் தள்ளிப்போகும் கவலை பிள்ளையை அரிக்கிறது. என் ஒரே மகளை ஒரு நல்ல இடத்தில் கொடுக்க வக்கில்லாமல் நிற்கிறேனே என்று எனக்கும் அழுகைதான் வருகிறது, தினுஷன்.

ஆகவே உன்னிடம் கேட்பது மூன்று. ஒன்று, நீ அனுப்பியது ஐந்தா ஆறா என்று உண்மையாக எழுது. ஆறென்றால் வழியில் ஒன்றைக் குடித்த உன் கூட்டாளியை நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு, இனிமேல் பீர் என்று பெயருள்ள எதையும் இந்த மலைக்கு அனுப்பாதே. மூன்றாவதைச் சொல்ல மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. கல்யாணம் முடியும்வரை ஊர்ப்பக்கம் வராதே. உன்னைக் கண்டால் முனி கல்யாணத்தை மறந்து கறுப்புப் பீர் கேட்டு உட்கார்ந்துவிடும்.

முனி உன்னைக் காக்கட்டும், உன் தொழிலை மாற்றட்டும். உன் அத்தையின் ஆசீர்வாதமும் இதிலேயே அடங்கும்.

இப்படிக்கு,
மாமன் வடிவேல்

பி.கு.: கடிதத்தை ஒட்டக் கோந்து தேடி மேனுஷாவின் அலுமாரியைத் திறந்தேன். சாரிக்குள் சுற்றிவைத்த ஒரு போத்தல். உன் கையெழுத்தில் சீட்டு: "மத்த அஞ்சும் முனிக்கு. இது உனக்கு. ரெண்டு வருசம் மூடி வச்சது. இந்த வகைப் பீர் வைக்க வைக்க நல்லாத்தான் வரும், நானும் காத்திருப்பேன். எப்பத் திறக்கணும்னு நீதான் சொல்லணும்."

அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் மேலே உள்ள கடிதத்தையும் வாங்கிப் படித்துவிட்டு, "முனி ரெண்டு வாரமா வாக்குத்தாங்க சொல்லிக்கிட்டு இருக்கு. ஊருக்கே வெளங்கிருச்சு, உங்களுக்கு மட்டும் வெளங்கல" என்றாள். மேனுஷா கதவோரம் நின்று அழுதாள். கொழுந்து அரை மணி நேரம் கூடுதலாய்ப் புளித்தால் ஃபெக்டரி வாசலிலேயே மோந்து சொன்னவன் நான். என் வீட்டில் ஒரு பிள்ளை இரண்டு வருசம் வாய்மூடிக் காத்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

நாளைக்குப் பண்டாரவளைக்கு ஒரு புது வேட்டியோடு போய் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். மேலே எழுதிய மூன்றையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொண்டு உடனே புறப்பட்டு வா. கறுப்பில் நாலு எடுத்துவா, முனிக்கு. ஆறாவது போத்தல் சாமித் தட்டில் இருக்கிறது. மேனுஷாவும் நீயும் சேர்ந்து திறக்கும்வரை யாரும் தொடக்கூடாது என்று அத்தை உத்தரவு. நான் தொடவில்லை. மூடியை மட்டும் மோந்து பார்த்தேன். குறை ஒன்றும் தெரியவில்லை.