உங்கள் தங்கையின் ஜாடி வெடித்த விவரம்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வலது முழங்காலும் நலம். இடது முழங்கால் வழக்கம்போல. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி, அந்தச் சுகத்தைக் கொஞ்சம் கெடுக்கவே இதை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை உங்கள் தங்கை வீடு திரும்புகிறாள். அதற்குள் நீங்கள் அவளுக்கு போன் செய்து ஒரு கெட்ட செய்தியை நல்லபடியாகச் சொல்ல வேண்டும். நீங்க சொன்னா கேட்பா. நான் சொன்னா முதல்ல என் மூஞ்சியப் பார்ப்பா, அதுலயே எல்லாம் தெரிஞ்சுடும்.

உங்களுக்கு நினைவிருக்கும். பிஸ்கட் கம்பெனியில் பதினாறு வருஷம் பெட்டிக்கு டேப் ஒட்டியவள், நொதித்தலும் காய்ச்சி வடித்தலும் ஒரு வருஷம் படித்துத் தேறினால் ஆய்வுக்கூடத்தில் வேலை என்று கம்பெனி சொன்னதும், யாரையும் கேட்காமல் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். நாற்பத்தாறு வயதில். "என்ன மாப்பிள்ளை, தங்கச்சி சாராயம் காய்ச்சப் போறாளா?" என்று நீங்கள் போனில் சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. போன வாரம் வினிகர் தொழிற்சாலைக்குப் பத்து நாள் பயிற்சிக்குக் கிளம்பும்போது ஒரு கண்ணாடி ஜாடியை என் கையில் கொடுத்தாள். உள்ளே வெள்ளையாகக் கூழ். "தினம் காலைல ஒரு கரண்டி மாவு, ஒரு கரண்டி தண்ணி போட்டுக் கலக்குங்க. இறுக்கி மூடாதீங்க, மூச்சு விட வழி வேணும்" என்றாள். "பரீட்சைக்கு வளர்க்கிற ஈஸ்டா?" என்று கேட்டேன். "பத்திரமா பார்த்துக்குங்க" என்றாள். அதற்கு என்ன அர்த்தம்? பரீட்சைக்குத்தான் என்று அர்த்தம்.

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் குமிழி வந்தது. கூடவே ஒரு நாற்றம், நனைந்த ஷூவை அலமாரியில் வைத்துப் பூட்டினால் வருமே, அது. நாலாம் நாள் குமிழியும் நின்றுபோயிற்று. செத்துடுச்சுன்னு நினைச்சு எனக்குச் சாப்பாடு இறங்கல. குளிருதோ என்னவோன்னு என் மப்ளரைச் சுத்தி ஃப்ரிட்ஜுக்குப் பின்னால வச்சேன். ஆறாம் நாள் காலையில பார்த்தா, பாதி ஜாடி இருந்தது முக்காலுக்கு ஏறி நிக்குது! நாற்றம் போய்ப் பழுத்த ஆப்பிள் வாசனை. சந்தோஷத்துல நாலு கரண்டியா அள்ளிப் போட்டேன். அந்த நேரம் பார்த்து மாடி வீட்டுத் தையல்காரம்மா இறங்கி வந்து, "அஞ்சு நாளா என்னங்க இது, தைக்க வந்த துணியெல்லாம் வாடை புடிக்குது" என்று பிடிபிடி என்று பிடிக்க, நான் பயந்துபோய் மூடியை இறுக்கிவிட்டேன். மத்தியானம் வெடித்தது. மூடி மேலே பறந்தது, பின்னாலேயே மாவு, அதற்கும் மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நாலு சுவருக்கும் பாரபட்சமில்லாமல் பங்கு வைத்தது. கேஸ் சிலிண்டர்தான் வெடித்துவிட்டது என்று தையல்காரம்மா வாளித் தண்ணீரோடு ஓடி வந்து, நேரே என் தலையில் ஊற்றினார். ஜாடி அடியில் ஒரு கரண்டிதான் மிச்சம். விஷயத்தைச் சொன்னதும் அவரே ஒரு சின்ன டப்பா கொண்டு வந்து, "அழாதீங்க சார், மொதல்ல காலேஜுக்கு ஓடுங்க" என்றார். நான் அழவில்லை. அது வாளித் தண்ணீர்.

கல்லூரியில் வாத்தியாரம்மாவுக்கு எங்கள் பெரிய மகள் வயசுதான் இருக்கும். டப்பாவிலிருந்து ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் என்னைப் பார்க்கச் சொன்னார். மச்சான், எப்படிச் சொல்றது. உருண்டை உருண்டையா, முத்து மாதிரி. சில முத்துல ஓரமா ஒரு குட்டி முத்து ஒட்டிக்கிட்டு இருக்கு, இடுப்புல புள்ளைய வச்ச மாதிரி. "உயிரோட இருக்கா?" என்றேன். "நல்லாவே இருக்கு. இந்த ஒரு சொட்டுலயே லட்சக்கணக்குல இருக்கும் சார்." அத்தனை பேரையுமா ஃபேன்ல விட்டேன்! அப்புறம்தான் அந்தம்மா நெற்றியைச் சுருக்கி, "ஆனா இது அவங்க வளர்க்கிறது மாதிரியே இல்லையே. கூட வேற ஆளுங்களும் இருக்காங்க" என்றார். ஒரு வருஷப் படிப்பை ஒரு மூடியால் கெடுத்துவிட்டேன் என்று அப்போது புரிந்தது.

வெளியே வரும் வழியில் ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு கண்ணாடிக் குழாய், உள்ளே அடுக்கடுக்காகத் தட்டு. "புளிச்ச பழச்சாறு சார். சூடேத்தினா ஆவி மேல போகும். தட்டுக்குத் தட்டு தண்ணி பின்தங்கிடும், லேசானது மட்டும் உச்சிக்குப் போய்ச் சேரும்" என்றார் வாத்தியாரம்மா. முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன் நான். கயிறு இல்லை, பட்டன் இல்லை, யார் எந்த மாடியில் நிற்கணுமோ அங்கே தானாக நிற்கிறார்கள்! உச்சியிலிருந்து வந்த ஒரு சொட்டை என் புறங்கையில் வைத்தார். தண்ணி மாதிரி நிறமே இல்ல. மோந்து பார்த்தா ஒரு கூடை பழம். இதைத்தான் மச்சான் உங்க தங்கை ராத்திரிச் சாப்பாட்டுல தினம் சொல்ல வந்தா. நான் டிவி சத்தத்தைக் கூட்டி வச்சேன்.

ஆகவே தயவுசெய்து போன் செய்யுங்கள். நாம் ரெண்டு பேரும் சிரித்ததற்கும் சேர்த்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகள் கேட்டதெல்லாம் படித்து நீடு வாழ ஆசி.

இப்படிக்கு,
தலை இன்னும் காயாத,
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: போன் வேண்டாம். தபாலில் போடுமுன் உங்கள் தங்கை ஒரு நாள் முன்னதாகவே வந்து, இதை முழுக்கப் படித்துவிட்டு, தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பரீட்சை ஈஸ்ட் கல்லூரி ஃப்ரிட்ஜில் பத்திரமாக இருக்கிறதாம். எனக்குக் கொடுத்தது வெறும் மாவும் தண்ணியும். வேலையை விட்டதிலிருந்து சுவரையே பார்த்துக்கொண்டு இருக்கிறேனாம், கைக்கு ஏதாவது வேலை வேண்டுமாம். "அப்ப நான் பார்த்த முத்தெல்லாம்?" என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டாள். "மாவுல இருந்திருக்கும், காத்துல இருந்திருக்கும், உங்க கையிலயும் இருந்திருக்கும். வளர்த்தது நீங்க" என்றாள். இன்று காலை இருவரும் கல்லூரிக்குப் போனோம். வாத்தியாரம்மா டப்பாவில் மிஞ்சியதைத் தனிக் குப்பியில் எடுத்து வைத்துக்கொண்டார். மேலே ஒட்டும் சீட்டில் 'வளர்த்தவர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதச் சொன்னார். நான் பேனாவை அவளிடம் நீட்டிவிட்டேன். உங்கள் தங்கைதான் எழுதினாள்.