வாப்பாவுக்கு வாசித்த மூன்று கருத்துகள்

14.02.1979, புதன்

சிறு பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மாலை வகுப்பில் "இறைவனும் பிரபஞ்சமும்" என்ற பாடத்தைக் குறித்தபோது, முஸ்லிம்களாகிய நாம் ஏற்காத கருத்தொன்றை "நமது கருத்து" என்ற தலைப்பின் கீழ் எழுதிவிட்டேன். அதனால் வாப்பா மீன் தின்பதை நிறுத்திவிட்டார்.

ஒழுங்காக எழுதுகிறேன்.

நவம்பர் சூறாவளியன்று தோணியை இழுத்துக் கட்டப் போன, என்னுடன் பிறந்த மூத்தவர் ஜெமீல் காக்கா திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து வாப்பா பள்ளிவாசல் படியை மிதிக்கவில்லை. தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டால் சால்வையை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவார். படைத்தவனோடு கோபித்துக்கொண்டார் என்று உம்மா அழுதார். மகனும் போய், இறைவன்மீதுள்ள ஈமானும் போனால் அவரிடம் என்ன மிஞ்சும்? வீட்டில் படிப்பவன் நான் ஒருவன்தான். என் பாடக் கொப்பியை வைத்து அவரைத் திருப்பிவிடலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் பிழையோ தெரியவில்லை.

ஞாயிறு பகல், சோறு தின்னும்போது முதலாவது கருத்தை வாசித்தேன். இறைவன் பிரபஞ்சத்தைப் படைத்தான், அதற்கு அப்பாற்பட்டவன், அதிலுள்ள எதுவும் அவனுக்குத் தேவையில்லை.

"நல்லம்," என்றார் வாப்பா. "அப்ப நான் பள்ளிக்குப் போகாட்டியும் அவனுக்கு ஒரு கொறையும் இல்ல."

திங்கள், இரண்டாவது கருத்து. பிரபஞ்சத்தில் காணும் எல்லாமே இறைவன்தான்.

வாப்பா கையிலெடுத்த பாரைமீன் துண்டைப் பார்த்தார்.

"இதுவுமா?"

"ஓம் வாப்பா. எல்லாம்."

"அப்ப இதெ எப்பிடித் தின்னுற?"

துண்டைப் பீங்கானில் வைத்தார். உம்மா முட்டை பொரிக்க எழுந்தார்.

"முட்டையும் வேணாம்."

"ஒன்ட கொப்பியெ அடுப்புல வெப்பன்!" என்று உம்மா என்மீது பாய்ந்தார். "தொழாத மனிசன் இப்ப தின்னாத மனிசனாகிட்டார்!"

நேற்று வகுப்பில் சேர் கொப்பியைப் பார்த்து, இரண்டாவது கருத்து நம்முடையதல்ல என்று என் பிழையைக் காட்டினார். வெட்கப்பட்டுத் திருத்தினேன்.

இன்று காலை, சரிபார்த்த மூன்றாவது கருத்து. இறைவன் தாங்காவிட்டால் பிரபஞ்சம் ஒரு கணமும் நிலைக்காது. ஒவ்வோர் அலையும் அவன் நாட்டத்தால்தான் எழுகிறது.

வாசித்த பிறகுதான் அலை என்ற சொல் என் காதில் விழுந்தது.

"அண்டைக்கு வந்த அலையுமா மகன்?"

கொப்பியை மூடிவைத்தேன்.

இனிப் பெரியவர்கள்தான் சரி என்று, அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளி நிர்வாகத்திலுள்ள அச்சிமுகம்மது மரைக்காரைக் கூட்டிவந்தேன்.

"இந்த வெள்ளிக்கு வாங்க கபூர்," என்றார் அவர் வாப்பாவிடம். "சூறாவளியில போய் மையித்துக் கெடைக்காத ஆக்களுக்கு, மையித்து இல்லாமலே ஜனாஸாத் தொழுவப் போறம். ஜெமீலுக்கும் சேத்துத் தொழுவம். நீங்க ஓமெண்டாச் செரி."

தேத்தண்ணி எடுத்துவருவதாகச் சொல்லி வாப்பா உள்ளே போனார். பின்பக்கம் ஏதோ முறிந்த சத்தம். போய்ப் பார்த்தால், வேலிக் கம்பில் வாப்பா உடுத்திருந்த சாரனின் துண்டொன்று தொங்கியது. அறுபது வயதில் வேலி பாய்ந்திருக்கிறார்.

"அப்ப நீயாவது சொல்லன்," என்றார் மரைக்கார்.

"ஓம்," என்றேன். அவர் இறந்தோருக்கான அந்தத் தொழுகையின் கடதாசியில் காக்காவின் பெயரை எழுதி, உம்மா ஊற்றிய தேத்தண்ணியில் இரண்டு கோப்பை குடித்துவிட்டுப் போனார்.

பொழுது சாய்ந்து மஹ்ரிபு நேரம் கடற்கரைக்குப் போனேன். வாப்பாவோடு தொழில் செய்யும் கதிர்காமத்தம்பி அண்ணன், தன் மீன்வாடிக் குடிசை வாசலில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா உள்ளுக்க. சத்தம் போடாத."

"அண்ணன், அவர் அல்லாஹ்வோட கோவம். தொழுறல்ல."

"ஆரு சொன்ன? அஞ்சு நேரமும் இஞ்சதான் தொழுறார். கடலுக்கு முதுகக் காட்டி நிண்டு தொழுவார். முடிஞ்சதும் திரும்பிக் கடலப் பாப்பார். அவர் தொழுற எடத்துக்கு வரப்படாதெண்டுதான் என்ட நாயக் கட்டிப் போட்டிரிக்கன்."

"அப்ப ஏன் பள்ளிக்குப் போறல்ல?"

அவர் ஊசியை நிறுத்தினார்.

"போனா ஜெமீலுக்கு அந்தத் தொழுகையத் தொழச் சம்மதம் கேப்பாங்களாம். தொழுது முடிஞ்சா பொடியன் செத்திருவானாம்."

நாளை, வியாழன்: வேலைக்குப் போகுமுன் மரைக்கார் வீட்டுக்குப் போய், நான் கொடுத்த பெயரை வெட்டச் சொல்ல வேண்டும்.