புளிச்ச மாவுக்கும் சொந்தக்காரர் உண்டாம்

மதிப்புக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தங்கை கைகூப்பி எழுதிக்கொள்வது. நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாம இருக்கணும். இங்கே நானும் என் பொண்ணு, உங்க மருமகளும் உயிரோட இருக்கோம். நலம்னு எழுதத்தான் பார்த்தேன், கை வரலை. போன்ல சொல்லலாம்னா நான் முதல் வரி சொல்லும்போதே நீங்க கத்த ஆரம்பிச்சுடுவீங்க, மீதி எனக்கு மறந்துபோயிடும். அதான் தாள்ல எழுதறேன். உங்க மருமக இதைப் படம் பிடிச்சு உங்க போனுக்கு அனுப்பிடுவா. படிக்காம படம் எடுடின்னு சொல்லியிருக்கேன். சரின்னிருக்கா. எனக்கு நம்பிக்கை இல்லை.

முதல்ல நீங்க கேட்டதுக்குப் பதில். அண்ணி எங்க வீட்டைக் கூட்டப் போனப்ப பிரிட்ஜுக்குள்ள இருந்து வந்த நாத்தம் குடலைப் புரட்டுச்சுன்னு சொன்னாங்களாம். அடித்தட்டுல இருக்கற மாவுத் தூக்குதான் அது. உங்க மச்சான் போறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆட்டி வச்ச மாவு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து எங்க வீட்டுல மாவு ஆட்டறது அவர் வேலைதான், நீங்ககூட அதைச் சொல்லிக் கேலி பண்ணுவீங்க. மறுநாள் டெப்போவுக்கு டூட்டிக்குப் போனவர் திரும்பி வரலை. அந்த மாவை ஊத்திச் சாப்பிடவும் மனசில்லை, கொட்டவும் மனசில்லை, நாலு மாசமா அப்படியே கிடக்கு. நீங்க சொல்றது சரிதான் அண்ணா, எத்தனை நாளைக்கு வச்சுப் பார்த்துக்கிட்டு இருக்கறது. கொட்டிடச் சொல்லுங்க. தூக்கை மட்டும் கழுவிக் கவுத்து வைக்கச் சொல்லுங்க.

அடுத்தது, நீங்க என்னை இங்க எதுக்கு அனுப்பினீங்களோ அதை நான் மறக்கலை. அப்பா இல்லாத பொண்ணு தனியா கடல் தாண்டி இவ்வளவு தூரத்துல இருக்க வேணாம், படிச்ச வரைக்கும் போதும், கையோட கூட்டிட்டு வா, மாப்பிள்ளை வீட்டுல காத்திருக்காங்கன்னு சொல்லித்தான் விமானம் ஏத்திவிட்டீங்க. வந்து இறங்கினதும் அவகிட்ட அப்படியே சொல்லிட்டேன். அவ அழலை, சண்டை போடலை. "இன்னும் ஒரு வருஷம்தாம்மா படிப்பு. பத்து நாள் என்கூட இருந்து பாரு. பார்த்துட்டு நீ என்ன சொல்றியோ அதைக் கேக்கறேன்"னா. சரின்னு பார்த்தேன். பார்த்ததைத்தான் இப்ப எழுதறேன், உக்காந்துக்கிட்டுப் படிங்க.

அண்ணா, நம்ம பொண்ணு ஞாயித்துக்கிழமை வடிச்ச சோத்தை வெள்ளிக்கிழமை சாப்பிடறா. இதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு சோறு, ஒரே ஒரு பயறுக் குழம்பு. அதை அஞ்சு டப்பாவுல அடைச்சு, மேல திங்கள் செவ்வாய்னு எழுதி, பிரிட்ஜுல அடுக்கிடறா. "செவ்வாய்க்கிழமை டப்பாவுக்கும் புதன்கிழமை டப்பாவுக்கும் என்னடி வித்தியாசம்?"னு கேட்டேன். "புதன்கிழமைதாம்மா"ங்கறா. உக்காந்து சாப்பிட நேரமில்லையாம். பாத்திரம் கழுவற தொட்டிகிட்ட நின்னுக்கிட்டே, டப்பாவுக்குள்ள முள்கரண்டியை விட்டுக் குத்திக் குத்தி, அதே நேரத்துல கம்ப்யூட்டரைத் தட்டி, அதே நேரத்துல செருப்பையும் மாட்டறா. தட்டு எங்கடின்னா ஒரே ஒரு தட்டு வச்சிருக்கா, அதுலயும் செடித்தொட்டி உக்காந்திருக்கு.

இங்க சமையலறை, இந்த வீட்டுல தங்கிப் படிக்கற அஞ்சு பேருக்குப் பொது. அஞ்சும் அஞ்சு தேசம், ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்குப் பாதிதான் புரியும். பிரிட்ஜுல ஆளுக்கொரு அடுக்கு, அடுக்கு மேல பேர் ஒட்டியிருக்கு. அதுவாவது போகட்டும், முட்டை மேல இனிஷியல் போட்டு வச்சிருக்காங்க அண்ணா! ஒவ்வொரு முட்டையிலும்! பேங்க் லாக்கர்ல நகை வைக்கறவங்ககூட இப்படிப் பண்ண மாட்டாங்க. நம்ம வீட்டுல யார் எடுத்த முட்டை யார் தின்ன முட்டைன்னு என்னைக்காவது கேட்டிருக்கோமா? கடுகு தாளிக்கவும் விடறதில்லை. கூரையில வெள்ளையா ஒரு வட்டம் இருக்கு, அதுக்குப் புகை பட்டா வீடே அலறுமாம். முதல் நாள் நான் எண்ணெய் காய வச்சதும் உங்க மருமக நாற்காலி மேல ஏறி நின்னு, படிக்கற தடிப்புத்தகத்தை எடுத்து அந்த வட்டத்துக்கு விசிற ஆரம்பிச்சுட்டா. நான் தாளிச்சு முடிக்கற வரைக்கும் விசிறினா. அந்தப் புத்தகத்தை அவ பிரிச்சு நான் பார்த்தது அன்னைக்கு மட்டும்தான்.

இன்னொன்னு, இதை அண்ணிகிட்ட சொல்லாதீங்க. மூணாம் நாள், "வாம்மா, வெளிய சாப்பிடலாம்"னு கூட்டிட்டுப் போனா. ஓட்டல்னு நினைச்சு நல்ல புடவை கட்டிக்கிட்டேன். போனா பெரிய கூடம், மேடை, ஒரு வழுக்கைத்தலை வாத்தியார் மீனோட காதைப் பத்திப் பேசறார். மீனுக்குக் காது இருக்குன்னே எனக்கு அப்பத்தான் தெரியும். இவ படிக்கறது தண்ணி சுத்தம் பண்ற படிப்பு, மீன் காதுக்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம்னு காதோட காதா கேட்டேன். "பேச்சு முடிஞ்சதும் சாப்பாடு போடுவாங்கம்மா. கொட்டாவி விடாம இரு"ங்கறா. கூப்பிடாத கல்யாணத்துல பந்திக்கு உக்காந்த மாதிரி உடம்பெல்லாம் கூசுது. பக்கத்துல பத்துப் பன்னெண்டு பிள்ளைங்க, எல்லாம் நம்ம பொண்ணு மாதிரி வெளியூர்ப் பிள்ளைங்க, அத்தனை பேர் கண்ணும் பின்னால இருந்த மேசையில. முடிஞ்சதும் அந்த வாத்தியார் நேரா என்கிட்ட வந்து கையைப் பிடிச்சுக் குலுக்கி என்னமோ சொன்னார். "நீங்கதான் கடைசி வரைக்கும் கவனமா கேட்டீங்கன்னு நன்றி சொல்றாரும்மா"ன்னு சொல்றா இவ. உங்க மச்சான் போனப்புறம் என்கிட்ட இவ்வளவு மரியாதையா யாரும் பேசினதில்லை. கண்ணு கலங்கிடுச்சு. ரெண்டு ரொட்டி சாப்பிட்டேன். இன்னும் ரெண்டை உங்க மருமக பைக்குள்ள போட்டுக்கிட்டா.

இதெல்லாம் பெரிசில்லை. இனிமேதான் விஷயம்.

இந்த வீட்டுல ஒரு நெட்டைப் பையன் இருக்கான். வாசல்ல குனிஞ்சுதான் வருவான். என்னைப் பார்த்தா "அம்மா, அம்மா"ம்பான், என் பேரே அதுதான்னு நினைச்சுட்டான் போல. நல்ல பையன். அஞ்சாம் நாள் காலையில எல்லாரும் காலேஜ் போயிட்டாங்க. எனக்கு ஒரு நினைப்பு. இதுங்க அஞ்சும் ஒரு நாளாவது சூடா சாப்பிடட்டுமே, அவர் போனதுல இருந்து நானும் கஞ்சியைத் தவிர ஒண்ணும் ஒழுங்கா சமைக்கலையேன்னு. பிரிட்ஜைத் திறந்தா, நெட்டையன் அடுக்குல ஒரு கண்ணாடிப் பாட்டில். உள்ள கரைச்ச கோதுமை மாவு. மோந்து பார்த்தேன், நல்லாப் புளிச்சு நுரை கட்டியிருக்கு. அடப்பாவி, கரைச்சு வச்சுட்டு மறந்துட்டானே, இன்னும் ஒரு நாள் விட்டா வீணாப்போயிடுமேன்னு மனசு அடிச்சுக்கிச்சு. முட்டைக்குப் பேர் போடறவங்கதான், எனக்குத் தெரியும். ஆனா புளிச்ச மாவுக்கு யாராவது சொந்தம் கொண்டாடுவாங்களா? நம்ம தெருவுல கேட்டா குடுத்துட்டுப் போவாங்க. பாட்டிலைக் கவுத்து, கூட மாவு கலந்து, வெங்காயம், பச்சை மிளகாய், சீரகம், உப்பு எல்லாம் போட்டு, சாயங்காலம் அஞ்சு பேரும் வந்ததும் வரிசையா உக்கார வச்சு கோதுமைத் தோசையா ஊத்திப் போட்டேன். உங்க மருமக விசிறினா. தின்னாங்க பாருங்க அண்ணா! நெட்டையன் மட்டும் ஆறு. கையை நக்கறான். இவ்வளவு ருசியா நான் சாப்பிட்டதே இல்லைன்னு மார்ல கை வச்சுச் சொல்றான்.

சாப்பிட்டுட்டு எழுந்திருச்சுப் போய் பிரிட்ஜைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான். கழுவற தொட்டியில பாட்டில் தண்ணியில ஊறிக்கிட்டு கிடக்கறதைப் பார்த்தான். அப்புறம் தோசைக்கல்லைப் பார்த்தான். அப்புறம் தன் வயித்தைப் பார்த்தான்.

உங்க மருமக முகம் சுண்ணாம்பு மாதிரி ஆயிடுச்சு. "அம்மா, அந்தப் பாட்டில் மாவையா எடுத்த?" "ஆமாண்டி, புளிச்சுக் கிடந்துச்சு." "ஐயோ அம்மா, அது அவன் ரொட்டி சுட வச்சிருக்கற தாய் மாவும்மா. அவங்கம்மா அவன் பொறந்த வருஷம் கரைச்சது. தினமும் கொஞ்சம் மாவும் தண்ணியும் ஊட்டி ஊட்டி இருவத்தஞ்சு வருஷமா உயிரோட வச்சிருக்காங்க. அவங்கம்மா செத்துப் போயிட்டாங்க. அக்காவும் இவனும் அதை ஆளுக்குப் பாதியா பிரிச்சுக்கிட்டாங்க. அக்கா பாதியும் போன வருஷம் கெட்டுப்போச்சு. இருந்தது இது ஒண்ணுதான்."

அண்ணா, ஒரு பிள்ளைக்கு அவன் அம்மாவையே சட்னி வச்சு ஊட்டிட்டேன். அவன் திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பேன். அத்தனை நீளத்தையும் மடக்கிச் சமையலறைத் தரையில உக்காந்துட்டான். "நல்லா இருந்துச்சு"ன்னு சொல்லிச் சிரிச்சான், அப்படியே அழுதான். நானும் பக்கத்துல உக்காந்து ஒப்பாரி வச்சுட்டேன். சாப்பிட்டு ரூமுக்குப் போயிருந்த கண்ணாடி போட்ட பொண்ணு ஒண்ணு ஓடிவந்து, யாரோ செத்துட்டாங்கன்னு நினைச்சு ஆளுக்கொரு காகிதக் கைக்குட்டை குடுத்துச்சு. அதுவும் தப்பில்லையே.

அன்னைக்குத்தான் உங்க மருமக இன்னொன்னும் சொன்னா. "அப்பா சேதி வந்தப்ப என் கையில வியாழக்கிழமை டப்பா இருந்துச்சும்மா. என்ன பண்றதுன்னு தெரியாம அதை முழுசாத் தின்னுட்டேன். அப்புறம் நாலு நாள் ஒண்ணும் இறங்கலை. இவன்தான் தினமும் அந்த மாவுல ரொட்டி சுட்டு, கதவைத் தட்டாம வாசல்ல வச்சுட்டுப் போவான்." என் பொண்ணு வயித்தை நிறைச்ச மாவை நான் கல்லுல ஊத்தித் தீர்த்திருக்கேன்.

ஒரு நல்ல காலம், மாவுப் பாத்திரத்தை ஒட்ட வழிக்கற பழக்கம் எனக்கு இல்லை. அடுத்த மாவுக்கு ஒரு கரண்டி அடியில விட்டுவைப்பேன், நம்ம அம்மா காலத்துப் பழக்கம். அப்படி ஒரு கரண்டி இருந்துச்சு. ஆனா அதுல உப்பு, சீரகம், மிளகாய் எல்லாம் இருக்கு. கண்ணாடியை மாட்டிக்கிட்டு வெங்காயத்தையும் மிளகாயையும் ஒண்ணொண்ணா பொறுக்கி எடுத்தேன். நெட்டையன் அதைப் பாட்டில்ல போட்டு கொஞ்சம் மாவும் தண்ணியும் ஊத்தினான். உங்க மச்சானோட சால்வையை, நான் குளிருக்குப் போர்த்திக்கக் கொண்டுவந்தேனே, அதைப் பாட்டில் மேல சுத்தி ஹீட்டர் பக்கத்துல வச்சோம். மூணு நாளாச்சு. ஒரு கொப்புளம் இல்லை. களிமண்ணு மாதிரி கிடக்கு. அந்தப் பையன் காலையில ஒரு தரம் சால்வையை விலக்கிப் பார்ப்பான், என்னைப் பார்த்துச் சிரிப்பான், போயிடுவான். அந்தச் சிரிப்பைப் பார்க்கறதுக்கு நான் விமானத்துலயே செத்திருக்கலாம்.

அதனால முடிவு பண்ணிட்டேன். சோறு பழசு, தட்டு இல்லை, முட்டைக்குப் பேரு, சாப்பாட்டுக்காக மீன் காதைக் கேக்கணும், இதுல அடுத்தவன் அம்மாவையும் கொன்னாச்சு, இனி இந்த வீட்டுல எங்களுக்கு என்ன முகம் இருக்கு? ஞாயித்துக்கிழமை விமானத்துல ரெண்டு பேரும் வர்றோம். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லிடுங்க. உங்க மருமக சொன்ன சொல் மாறலை, பேசாம பெட்டியை இறக்கி வச்சிருக்கா. உள்ள இன்னும் ஒண்ணும் வைக்கலை.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைங்க தலையில கை வச்சு நான் ஆசீர்வாதம் பண்ணினதா சொல்லுங்க. நீங்க பிரஷர் மாத்திரையை மறக்காம போடுங்க, முக்கியமா இதைப் படிக்கறதுக்கு முன்னாடி.

உங்கள் அன்புத் தங்கை

பின்குறிப்பு: அண்ணா, மேல எழுதினது நேத்து. இதை இன்னைக்குக் காலையில எழுதறேன். விடியறப்ப நெட்டையன் போட்ட கூச்சல்ல வட்டம்தான் அலறுதுன்னு எல்லாரும் படுக்கையை விட்டு ஓடிவந்தோம். மாவு பொங்கி, பாட்டில் மூடியைத் தள்ளி, உங்க மச்சான் சால்வையெல்லாம் நனைச்சு, தரை வரைக்கும் வழிஞ்சு கிடக்கு. அவன் அதுல கொஞ்சம் எடுத்து ரொட்டி சுட்டான். லேசாக் காரம் இருக்கு. "எங்கம்மா இனிமே காரமாத்தான் இருப்பாங்க, பரவாயில்லை"ங்கறான். சூடா, தட்டுல வச்சு, உக்காந்து சாப்பிட்டோம். செடித்தொட்டியைக் கீழ இறக்கிட்டேன்.

பெட்டியை மேல ஏத்திவச்சாச்சு. அவ வரலை. படிப்பு முடியட்டும். மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொல்லணுமோ சொல்லிக்கோங்க, கத்தணும்னா நான் வந்தப்புறம் கத்துங்க. ஞாயித்துக்கிழமை நான் மட்டும் வர்றேன்.

அந்த மாவுத் தூக்கைக் கொட்ட வேண்டாம்னு அண்ணிகிட்ட உடனே சொல்லுங்க. மேல ஆடை கட்டியிருந்தாலும் நடுவுல ஒரு கரண்டி நல்லா இருக்கும், நான் வந்து பார்த்துக்கறேன். ஒருவேளை ஏற்கெனவே கொட்டியாச்சுன்னா, என்கிட்ட சொல்ல வேண்டாம். உங்க வீட்டு மாவுல கொஞ்சம் அதே தூக்குல ஊத்தி, அதே அடித்தட்டுல வச்சிடச் சொல்லுங்க. நான் கேக்க மாட்டேன்.