சாக்கடைக் கூட்டுத் துணைக்குழு

உலகில் எத்தனையோ குழுக்கள் கூடின, கலைந்தன. எங்கள் ஜெருசலேம் 'சாக்கடைக் கூட்டுத் துணைக்குழு' மட்டும் கலைவதே இல்லை. நான் அதன் மொழிபெயர்ப்பாளன்.

மேலே பாலஸ்தீன ஊர், கீழே இஸ்ரேலியப் பண்ணை ஊர், நடுவே பள்ளத்தாக்கில் உடைந்த சாக்கடைக் குழாய். இரண்டு ஊர்க் கிணறுகளும் நாறின.

பாலஸ்தீனப் பொறியாளர் ஸுஹ்தி, ஹைஃபாவில் கட்டட வேலை பார்த்தவர், ஹீப்ருவிலேயே திட்டுவார். இஸ்ரேலியப் பொறியாளர் நஹூமின் அம்மா பாக்தாத்காரி, அரபியில்தான் தாலாட்டினாள். ஆனாலும் தேசிய கௌரவம் கருதி, இருவரும் என் வழியாகவே பேசினார்கள்.

குழாயைத் தொடுமுன் பள்ளத்தாக்குக்குப் பெயர் வேண்டுமே! இவருக்கு அரபிப் பெயர், அவருக்கு ஹீப்ருப் பெயர். நடுவரான நார்வேக்காரர் ஹால்வர்சன் 'அந்த இடம்' என்று வைக்கலாமே என்றார். இரு தரப்பும் ஒரே குரலில் எதிர்த்தன. "முதல் ஒருமித்த கருத்து!" என்று அவர் கைதட்டினார்.

ஒருநாள் காபி இடைவேளை. ஸுஹ்தி கோப்பையைத் தொடவே இல்லை. நஹூம் என்னை மறந்து நேராக அரபியில் கேட்டுவிட்டார்.

"என்னய்யா, மூஞ்சி தொங்கிக் கெடக்கு?"

"பேத்திக்கு வயித்துப்போக்கு. ஆஸ்பத்திரில சேர்த்திருக்கோம்." ஸுஹ்தியின் பதில் ஹீப்ருவில் வந்தது.

"அட, எங்க பக்கமும் அதேதான்யா. என் பையனும் ஆஸ்பத்திரிலதான், காய்ச்சல் விடல." நஹூம் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு, "எங்கிட்ட குழாய் இருக்கு. உங்கிட்ட ஆள் இருக்கா?" என்றார்.

"நான் ஆள் இல்லையா? வியாழக்கிழமை கொண்டா, போட்டுரலாம்."

"வர்றேன். சோறு உங்க வீட்லதான்."

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் ஹால்வர்சன் கோப்பையைக் கீழே போட்டார். "ஐயோ! ஒப்பந்தம் ஆயிடுச்சா? நிகழ்ச்சி நிரல்லயே இல்லையே!"

இரண்டு தலைமையகங்களும் தொலைபேசியில் கொதித்தன. கேள்வி ஒன்றுதான்: "முதல்ல இறங்கிப்போனது யாரு?"

"நான்தான்" என்றார் நஹூம்.

"அவன் பொய் சொல்றான், நான்தான்" என்றார் ஸுஹ்தி.

'பேச்சுவார்த்தையின் நலன் கருதி' இருவருமே நீக்கப்பட்டார்கள். குழாய் ஏற்றிவந்த லாரியைச் சோதனைச் சாவடியிலேயே திருப்பி அனுப்பினார்கள். புதிதாக வந்த பொறியாளர்களுக்கு அடுத்தவர் மொழியில் 'சௌக்கியமா' கூடத் தெரியாது. அப்பழுக்கற்ற நியமனம்!

இப்போது கூட்டங்கள் ஒழுங்காக நடக்கின்றன. யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை. பேச்சுவார்த்தை பூரண ஆரோக்கியத்தோடு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கிடப்பவர்கள் பிள்ளைகள் மட்டும்தான்.