சரீபின் அரை அங்குலம்

உலகத்தில் படையில் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், சேராதவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டிலும் அடங்காத மூன்றாம் வகை ஒன்று உண்டு: சேரவிருந்தவர். சேர்ந்தவர் தாம் பட்ட பாட்டைப் பற்றி வாயே திறக்கமாட்டார். சேராதவருக்கு அந்தக் கவலையே இல்லை. சேரவிருந்தவரிடம் மாட்டிக்கொண்டீர்களோ, உங்கள் பின்னேரம் போயிற்று.

கப்பல்துறையில் கண்டி வீதியோரம் தையல்கடை வைத்திருக்கும் சரீப் இந்த வகையின் கலப்படமற்ற மாதிரி. சீனன்குடா விமானப்படை முகாமிலிருந்து வருகிறவர்களின் களிசான்களுக்கு இடுப்புப் பிடித்துக் கொடுப்பதும் கால் மடித்துக் கொடுப்பதும் அவர் தொழில். பாதுகாப்புத் துறையோடு அவருக்குள்ள தொடர்பு அவ்வளவுதான். ஆனால் அவர் கதைப்பதைக் கேட்டால், களிசானை மட்டுமல்ல, அதற்குள் இருப்பவரையும் அவர்தான் தைத்து அனுப்பினார் என்று தோன்றும். கோழி கூவ முன்னரே எழும்புவார். படுக்கை விரிப்பை மூலைக்கு மூலை பிடித்து மடிப்பார். மனைவி பல்கீஸ் தேத்தண்ணி கொண்டுவந்தால் "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லி ஏற்றுக்கொள்வார். கடைக் கூரைக்கு மேலால் விமானம் இரைந்து போனால், கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்து, "பொடியன் கொஞ்சம் சரிச்சுப் போட்டான்" என்று விமானியைக் கண்டிப்பார். விமானி அதை மனத்தில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இவ்வளவு வீரம் இருந்தும் ஏன் சேரவில்லை? தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள். கேட்டால் கதிரையைத் துடைத்து உங்களை இருத்திவிடுவார்.

"அப்ப எனக்கு இருபத்திரண்டு வயசு. ஓட்டத்தில முதலாவது ஆள் நான்தான். கண்ணு, பல்லு எல்லாம் ஹரி. கடைசியில நெஞ்ச அளந்தாங்க பாருங்க. கேட்டது முப்பத்திரண்டு. எனக்கு முப்பத்தொண்டரை! அந்த அரை இஞ்ச் மட்டும் இருந்திருந்தா..."

இருந்திருந்தால் நாட்டின் சரித்திரமே வேறு பக்கம் திரும்பியிருக்கும். அதை அவர் தம் வாயால் சொல்லமாட்டார். அடக்கமானவர்.

தமக்குக் கிடைக்காதது ஊர்ப் பிள்ளைகளுக்காவது கிடைக்கட்டும் என்ற பரந்த மனமும் அவருக்கு உண்டு. சேட்டுத் தைக்க நெஞ்சளவு கொடுக்கப் போகிற இளைஞன் எவனும் சேட்டோடு தப்பிவர ஏலாது. "மூச்ச இழு. இன்னும் இழு. பிடி!" என்று கழுத்து நரம்பு புடைக்க நிற்கவைத்து, நாடாவைத் தாராளமாக விட்டு, "முப்பத்தாறு! உன்னையெல்லாம் வீட்டில வச்சிருக்கிறது நாட்டுக்கு நட்டம்" என்று தீர்ப்புச் சொல்வார். பக்கத்துவீட்டு முத்தலிப்பின் மகன் அஸ்ஹான் இப்படி அளக்கப்பட்டுத்தான் விமானப்படைக்குப் போனான். அன்று முத்தலிப் தயங்கி நின்றபோது சரீப் எல்லோருக்கும் கேட்கக் கேட்டார்: "ஆம்பிளப் புள்ளய குசினிக்குள்ள அடுப்புக்குப் பக்கத்தில பூட்டி வச்சா வளக்கப்போறீங்க?" முத்தலிப் வெட்கப்பட்டுப் பிள்ளையை அனுப்பிவைத்தார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த கையோடு, முத்தலிப் தம் களிசானுக்காகக் கடையில் காத்திருந்த நேரம், சரீபின் ஒரே மகன் நிப்றாஸ் வந்து முன்னால் நின்றான்.

"வாப்பா, என்னையும் அளங்க. எயார்போர்ஸுக்கு ஆள் எடுக்கிறாங்க. நான் போகப்போறன்."

தையல் மெசின் நின்றது. அந்த மெசினின் காலடியில் தவழ்ந்து, அதன் பக்கத்திலேயே பாடம் படித்து வளர்ந்த பிள்ளை அவன். ஊரானுக்குச் சொன்னதெல்லாம் அவன் காதிலும் விழுந்துகொண்டிருக்கும் என்பது இத்தனை காலமும் சரீபுக்குத் தோன்றவேயில்லை. துப்பாக்கி, தெரியாத ஊர், தெரியாத முகாம், இங்கே வீட்டில் ஆளில்லாத கட்டில். அவருக்குப் பயமாக இருந்தது. வெறும் பயம்.

ஆனாலும் தொழில் தெரிந்தவர் அல்லவா? நாடாவை எடுத்தார்.

"மூச்ச விடு மகன்."

விட்டான்.

"இன்னும் விடு. முழுக்க விடு."

நிப்றாஸ் காற்றுப்போன பந்தாக ஒடுங்கி நின்றான். சரீப் நாடாவை இறுக்கினார். போதாதென்று இன்னும் ஒரு இழுவை இழுத்தார்.

"ப்ச்... அரை இஞ்ச் குறையுது. அல்லாஹ்ட நாட்டம் அப்பிடியெண்டா நாம என்ன செய்யலாம்?"

"வாப்பா, மூச்சு முட்டுது."

முத்தலிப் தொண்டையைச் செருமினார். "சரீப், அஸ்ஹானுக்கு மூச்ச இழுக்கவெல்லோ சொன்னீங்க?"

"அது பழைய முறை. இப்ப மாத்திட்டாங்க."

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு பல்கீஸ் வந்தாள். கையில் பழுப்பேறிய வெள்ளைச் சேட்டு ஒன்று. அதை வெட்டுமேசையில் விரித்தாள்.

"நம்மட கலியாணச் சேட்டு. நீங்களே அளந்து நீங்களே தைச்சது. எயார்போர்ஸுக்குப் போன அதே மாசம். நாடாவத் தாங்க, நெஞ்ச அளப்பம்."

அவர் நாடாவைக் கொடுக்கவில்லை. அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை.

"முப்பத்தெட்டு. தளர்ச்சிக்கு நாலக் கழிச்சாலும் முப்பத்திநாலு. மகன், உங்கட வாப்பாட நெஞ்ச ஒருத்தரும் அளக்கல்ல. முகாம் கேற்றடிக்குப் போனவர், உள்ளுக்குத் தலைய வழிக்கிறதப் பாத்திட்டு அடுத்த பஸ்ஸில வந்திட்டார். கலியாணத்துக்கு ரெண்டு கிழமதான் இருந்தது."

சரீபின் கை தானாகத் தலைக்குப் போயிற்று. அன்று காப்பாற்றிய முடியில் இன்று ஒன்றுகூட அங்கே இல்லை.

"எனக்கும் பயம்தான்" என்றாள் பல்கீஸ், குரல் இறங்கி. "பயமெண்டா பயமெண்டு சொல்லுங்க. புள்ளைக்கிட்ட நாடாவால பொய் சொல்லாதீங்க."

"பயமாயிருக்கு மகன்" என்றார் சரீப்.

"எனக்கும்தான் வாப்பா. எண்டாலும் போகோணும்."

மறுபடி அளந்தார். இந்தத் தடவை இழுக்கவும் சொல்லவில்லை, விடவும் சொல்லவில்லை. முப்பத்தைந்து. நாடாவைச் சுருட்டி மேசையில் வைத்துவிட்டுத்தான் அந்த எண்ணைச் சொன்னார். முத்தலிப் தம் களிசானை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, படியில் நின்று சொன்னார்:

"முதல் மாசம் சோறு இறங்காது சரீப். நான் உங்களுக்கு அப்ப சொல்லல்ல. வெக்கமாயிருந்தது."

நிப்றாஸ் விமானப்படைக்குப் போய்விட்டான். விமானம் இரைந்தால் சரீப் இப்போதும் கத்தரிக்கோலைக் கீழே வைக்கிறார். விமானியைக் கண்டிப்பதில்லை, கூரைக்கு அப்பால் சத்தம் தேயும்வரை உதடு மட்டும் மகனுக்காகத் துஆ ஓதுகிறது.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் கழுத்திலும் ஒரு நாடா தொங்குகிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். நாட்டுக்காகவும் ஊருக்காகவும் யார் யாரெல்லாம் போகவேண்டும் என்று போன கிழமைகூட யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தீர்கள். நாளைக்கு உங்கள் பிள்ளை வந்து முன்னால் நின்றால், மூச்சை இழுக்கச் சொல்வீர்களா, விடச் சொல்வீர்களா?