முதலில் ஓடியவர்

நடுத்தெருவில் வந்து நின்ற பிறகுதான், தனக்கு ஒரு மனைவி உண்டு என்பது கவுன்சிலருக்கு ஞாபகம் வந்தது.

அதற்குள் பூமி ஆடி ஓய்ந்திருந்தது. அவர் முகத்தில் பாதி சவரம் முடிந்திருந்தது, மீதியில் நுரை. இடுப்பில் துண்டு. கையில், நகராட்சிக் கூட்டத்துக்காக இஸ்திரி போட்டு மாட்டியிருந்த வெள்ளைச் சட்டை, ஹாங்கரோடு. அதை எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

"என்ன தலைவரே, ஆடுச்சில்ல?" என்றார் எதிர்வீட்டுக்காரர், ஜன்னல் வழியே.

"ஆடுச்சு, ஆடுச்சு" என்று முணுமுணுத்துவிட்டு, கவுன்சிலர் பூனை மாதிரி வீட்டுக்குள் நுழைந்தார்.

மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கோபத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"எங்க போய்ட்டு வர்றீங்க?"

"வெளிய... சும்மா..."

"வீடே ஆடுது, பாத்திரமெல்லாம் உருளுது. சட்டையைத் தூக்கிட்டு ஓடத் தெரிஞ்சுது. 'நீயும் வாடி'ன்னு ஒரு குரல் குடுக்கத் தெரியலையா?"

"இல்லம்மா..." எத்தனையோ மேடைகளைப் பார்த்த நாக்கு தானாகவே புரண்டது. "நான் ஜனங்களை எச்சரிக்கை பண்ண ஓடினேன். இந்த வார்டுக்கே நான்தானே பொறுப்பு?"

"அப்படியா? ஒரு சத்தத்தையும் காணோமே."

"வாயைத் திறக்கிறதுக்குள்ள நின்னுடுச்சு."

"நின்னா என்ன, மறுபடி வராதா? இப்பப் போய் எச்சரிக்கை பண்ணுங்க. நானும் காது குளிரக் கேக்கறேன்."

வேறு வழியில்லை. கவுன்சிலர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சட்டையையும் வேட்டியையும் மாட்டிக்கொண்டு, மைக்செட்காரரின் ஆட்டோவை வரவழைத்தார்.

"என்ன சொல்லணும் தலைவரே?"

"நானே சொல்றேன். எங்க வீட்டு வாசல்லேர்ந்து ஆரம்பி. சத்தத்தை நல்லா வை."

ஒலிபெருக்கி உறுமியது. "அன்பான வார்டு மக்களே! சற்று முன்பு நில அதிர்வு ஏற்பட்டது. அது மீண்டும் வரலாம். அனைவரும் விளையாட்டு மைதானத்துக்கு வந்துவிடுங்கள்!"

வந்தது லேசான ஆட்டம்தான். ஜனங்கள் அதைப் பற்றிப் பேசி முடித்து, அவரவர் வேலையைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அடுப்பை அப்படியே அணைத்துவிட்டு இப்போது மறுபடி தெருவுக்கு வந்தார்கள்.

"பாரு, சவரத்தைக்கூடப் பாதியில விட்டுட்டு நமக்காக ஓடி வந்திருக்காரு மனுஷன்" என்றார் ஒருவர். கவுன்சிலர் முகத்தின் வழித்த பக்கத்தைச் சட்டென்று மறைத்து, வழிக்காத பக்கத்தை எல்லோருக்கும் காட்டினார்.

மைதானத்துக்கு வந்தால், கேட் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த காவலாளி, முதல் ஆட்டத்திலேயே பஸ் பிடித்து மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார்.

"பூட்டை உடைங்க" என்றார் கவுன்சிலர், சினிமா போலீஸ் மாதிரி.

பூட்டு உடைந்தது. ஊரே உள்ளே நுழைந்தது. பரந்த மைதானம், ஒரு மரம் கிடையாது. வெயில் மண்டையைப் பிளந்தது. குழந்தைகள் அழுதன. தையல்கடைக்காரர் முண்டியடித்து முன்னால் வந்தார்.

"தலைவரே, பூமி பிளந்து சாகறதுக்கு முன்னாடி தாகத்துலயே போய்டுவோம் போலிருக்கே."

கவுன்சிலர் தண்ணீர் லாரிக்குப் போன் போட்டார். சொன்னபடி லாரி வந்தது. ஆனால் ரிவர்ஸில் வந்தது. மைதானத்தின் நுழைவாயிலில், சமீபத்தில்தான் கட்டி முடித்த சிமெண்ட் வளைவு ஒன்று இருந்தது. அதன் உச்சியில் கவுன்சிலர் இரண்டு கைகளையும் கூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வரலாம், வரலாம்... வரலாம்..." என்று கிளீனர் கத்தினார். "போதும்!" என்று அவர் கத்துவதற்கும் லாரி வளைவில் இடிப்பதற்கும் சரியாக இருந்தது.

தடால்! சிரித்த முகத்தோடு கவுன்சிலர் குப்புற விழுந்தார், அதாவது வளைவின் மேல் படத்தில் இருந்தவர். புழுதி எழும்பியது. முன்வரிசையில் இருந்தவர்களின் காலடியில் மண் அதிர்ந்தது.

"ரெண்டாவது வந்துடுச்சு! தலைவர் சொன்ன மாதிரியே வந்துடுச்சு!"

புழுதியில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கவுன்சிலர் மறுத்துப் பேச வாய் திறந்தார். அதற்குள் யாரோ அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திறந்த வாயை அவர் மூடிக்கொண்டார். அதுதான் தப்பாய்ப் போயிற்று.

"அண்ணே, மூணாவது எப்ப?"

"தலைவரே, வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வரலாமா? நடுவுல வந்துடாதே?"

"எங்க அக்கா பக்கத்து ஊர்ல இருக்கா. அங்கயும் வருமான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

செய்தி நகராட்சி அலுவலகத்துக்குப் பறந்தது. சற்று நேரத்தில் மோட்டார் சைக்கிளில் பொறியாளர் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை.

"சார், கமிஷனர் கொதிச்சுப் போய் இருக்காரு. காலையில வந்தது ஒண்ணே ஒண்ணுதானாம். ரெண்டாவது வந்ததா யாரு சொன்னது? வதந்தி பரப்பினா போலீஸ் கேஸ் சார்."

"அது நில அதிர்வு இல்லீங்க" என்று கவுன்சிலர் அவசரமாகக் காதோடு சொன்னார். "லாரி வளைவுல இடிச்சுது. அவ்வளவுதான்."

பொறியாளர் வளைவுப் பக்கம் திரும்பினார். உடைந்த சிமெண்ட் துண்டு ஒன்றை எடுத்து விரல்களால் அழுத்தினார். அது பிஸ்கெட் மாதிரி உதிர்ந்தது.

"லாரி இடிச்சதுக்கே இப்படியா? இதை யாரு சார் கட்டினது?"

கட்டியது கவுன்சிலரின் மச்சான். மனைவியின் ஒரே தம்பி. அதிர்வுதான் என்றால் போலீஸ். லாரிதான் என்றால் மச்சான். போலீஸிடமிருந்து ஜாமீன் கிடைக்கும். மச்சானைக் காட்டிக்கொடுத்தால் வீட்டில் ஜாமீன் கிடையாது.

அவர் சுற்றிலும் பார்த்தார். வெயிலில் வாடிய முகங்கள், நம்பிக்கையோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு பெண் தன் முந்தானையை விரித்துக் குழந்தைக்கு நிழல் பிடித்திருந்தாள். அதைப் பார்த்ததும் கவுன்சிலர் ஓரமாக நின்ற ஒலிபெருக்கி ஆட்டோவைத் திரும்பிப் பார்த்தார். தான் சொன்ன ஒரு பொய்க்காக இத்தனை பேர் காய்கிறார்களே என்று முதல்முறையாக வெட்கப்பட்டார்.

மைக்கை வாங்கினார்.

"எல்லாரும் வீட்டுக்குப் போங்க. மூணாவதும் இல்ல, ரெண்டாவதும் இல்ல. லாரி இடிச்சு வளைவு விழுந்துது. அதைக் கட்டினது என் மச்சான், மேற்பார்வை பாக்காம விட்டது நான். என் செலவுலயே திரும்பக் கட்டித் தர்றேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்னொண்ணும் சொல்லிடறேன். காலையில நான் உங்களை எச்சரிக்கை பண்ண ஓடி வரல. பயந்து ஓடி வந்தேன். பொண்டாட்டியை உள்ளயே விட்டுட்டு, சட்டையை மட்டும் தூக்கிட்டு வந்தேன். அவகிட்ட மாட்டிக்கிட்டதை மறைக்கத்தான் இவ்வளவும்."

கல் வருமோ, செருப்பு வருமோ என்று கவுன்சிலர் கண்ணை மூடிக்கொண்டார்.

வந்தது கைத்தட்டல்.

"நான் டிவியைத் தூக்கிட்டு ஓடினேன் தலைவரே!" என்று கத்தினார் தையல்கடைக்காரர். பக்கத்தில் நின்ற அவர் மனைவி அவரை மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் பைக்கை எடுத்தேன்!"

"நான் எதையும் எடுக்கல, துணி உட்பட!"

சிரிப்பு பொங்கியது. எங்கும் கணவன்மார்கள் உண்மையைக் கக்க, மனைவிமார்கள் அவர்களைச் சட்டையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப் போனார்கள். பொறியாளர் அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"கமிஷனர்கிட்ட நான் பேசிக்கறேன் சார். அவரும் மேஜைக்கு அடியிலேர்ந்துதான் எனக்குப் போன் போட்டாரு."

சாயங்காலம் கவுன்சிலர் திருடன் மாதிரி வீட்டுக்கு வந்தார். மனைவி காபியைக் கொண்டுவந்து வைத்தாள். ஒலிபெருக்கியில் சொன்னதெல்லாம் வீடு வரைக்கும் கேட்டிருக்கிறது.

"என் தம்பி பேரை ஊர் பூரா நாறடிச்சாச்சு."

"தப்புதாம்மா."

"அவனுக்கும் இது வேணும்தான், விடுங்க. ஆனா காலையில ஒரே ஒரு தடவை என்னைக் கூப்பிட்டிருக்கலாம்." அவள் குரல் தழுதழுத்தது. "செத்தாலும் அவரோட சேர்ந்துதான் சாகணும்னு அடுப்படியிலயே சிலை மாதிரி நின்னேங்க. இந்த வீட்டை விட்டு ஒரு அடி எடுத்து வைக்கல."

கவுன்சிலருக்குக் கண் கலங்கியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இனிமே பூமியே ரெண்டா பிளந்தாலும் இந்தக் கையை விட மாட்டேன்."

"போதும், போதும். காபி ஆறிடும்" என்றாள் அவள். கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

அப்போது பின்வாசல் கதவைத் தட்டிக்கொண்டு, பின்தெருவில் குடியிருக்கும் நர்ஸ் உள்ளே எட்டிப் பார்த்தாள். அவள் கையில் ஒரு பெண்கள் செருப்பு, ஒற்றையாக.

"அக்கா, இது உங்களோடதுதானே? காலையில பூமி ஆடினப்போ எங்க எல்லாருக்கும் முன்னாடி தெருவுக்கு ஓடி வந்தீங்களே, 'அண்ணன் எங்க?'ன்னு கேட்டதுக்கு 'அவரை வார்டு பாத்துக்கும்'னு சொல்லிட்டு, ஆட்டம் நின்னதும் திரும்பி வீட்டுக்குள்ள ஓடினீங்களே, அப்ப விட்டுட்டுப் போய்ட்டீங்க!"